நம்ம வீட்டுக்கு ஒரு செட்டு

திங்கட்கிழமை காலையில் எங்கள் வீட்டில் பாயச வாசம் அடிக்கும். எங்கள் அடுப்படியில் பாயசம் கொதித்தது என்று நினைத்துவிடாதீர்கள். முந்தின நாள் ஊரில் யார் யார் வீட்டிலோ நடந்த கல்யாணங்களுக்குப் போய்வந்த அண்டாக்களும் தேக்சாக்களும் பாதி கழுவியும் கழுவாமலும் எங்கள் முற்றத்தில் வந்து இறங்கியிருக்கும். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் அவசரத்திலும் ஒவ்வொன்றுக்குள்ளும் தலையை விட்டு மோந்து பார்த்து, இது சேமியா, இது பாசிப்பருப்பு, இந்த வீட்டில் நெய்யைத் தொட்டுக் காட்டிவிட்டு எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போவேன். பத்து வயதில் மதுரையின் முக்கால்வாசிக் கல்யாணங்களுக்குப் போகாமலே சாப்பிட்டவள் நான் ஒருத்திதான்.

சிம்மக்கல்லில், ஆற்றுப்பக்கம் இறங்கும் சந்து ஒன்றில் எங்களுடைய "வாடகைப் பாத்திரக் கடை" இருந்தது. முன்னால் கடை, நடுவில் சாமான் அடுக்கும் கிட்டங்கி, பின்னால் வீடு. தாத்தா முத்தையா இரண்டு அண்டாவோடு ஆரம்பித்து ஒன்பது "செட்டு" வரைக்கும் கொண்டுவந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஒரு செட்டு என்றால் ஐந்நூறு பேருக்குச் சமைத்துப் பரிமாற வேண்டிய அத்தனையும், சோறு வடிக்கும் பெரிய அண்டாவிலிருந்து ரசக் கரண்டி வரைக்கும் என்று அர்த்தம். எல்லாவற்றின் கழுத்திலும் "மு" என்ற எழுத்து வெட்டியிருக்கும். நான் எழுத்துப் படித்ததே அதில்தான் என்பதால் ஒன்றாம் வகுப்பில் "அ"வுக்கு முன்னால் "மு" எழுதி அடி வாங்கினேன்.

தாத்தாவுக்குப் பிறகு கடை அவருடைய மூன்று பையன்களுக்கு வந்தது. பெரியப்பா எதற்கும் சத்தம் போடுவார். அவர் "காபி கொண்டா" என்றால் எதிர்க்கடைக்காரர் எழுந்து நிற்பார். சித்தப்பா சாமான்களைக் கொண்டுபோய் இறக்கி ஏற்றி வருகிற வேலையைப் பார்த்தார். போன இடத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் வந்த வேலை மறந்துவிடும். நடுவில் பிறந்த என் அப்பாவுக்கு "இல்லை" என்ற சொல் வாயில் வராது. செட்டில் சேராமல், ஒடுக்கு விழுந்தும் மூடி தொலைந்தும் பரணில் கிடந்த பழைய பாத்திரங்களில் இரண்டு மூன்றை எடுத்து, வருகிற ஒவ்வொருவருக்கும், "இருக்கட்டும்ணே, ஆத்திர அவசரத்துக்கு ஆகும்" என்று சும்மாவே வண்டியில் ஏற்றிவிடுவார். பெரியப்பா பார்த்துவிட்டால் தொலைந்தது. "இவன் கடை நடத்துறானா, அன்னதானம் நடத்துறானா?" என்று சந்துக்கே கேட்கிற மாதிரி கத்துவார்.

இந்த மூன்று பேரையும் வைத்துக் கடையை ஓட்டியது அவர்களுடைய தங்கை சந்திரா அத்தை. இதை இப்போது இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறேன். அப்போது யாரும் சொன்னதில்லை, அந்த மூன்று பேரும் நினைத்ததுகூட இல்லை. கடைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கரும்பலகை மாட்டியிருக்கும். எந்தத் தேதிக்கு யார் வீட்டுக்கு எத்தனை செட்டு என்பதை அத்தை சொல்லச் சொல்ல, என் எழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால், முக்காலியில் ஏறி நின்று நான் எழுதுவேன். திரும்பிவந்த அண்டாவை அத்தை விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவாள். சத்தத்தை வைத்தே விரிசல் விட்டிருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். ஒடுக்குகளைப் பார்த்து, "இது தெற்குவாசல் கல்யாணத்துல படியில உருண்டது" என்பாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்ட அத்தைக்கு அப்போது இருபத்துமூன்று வயது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எந்த வீட்டிலும் அப்படி நான் கேள்விப்பட்டதில்லை. வளர்பிறை முகூர்த்தத்தில் ஊரெல்லாம் கல்யாணம் என்பதால், அன்றைக்கு எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். ஆகவே எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களெல்லாம் யாருக்கும் வேண்டாத தேதியில், தேய்பிறையில், பெரும்பாலும் வாரத்தின் நடுவில் ஒரு புதன்கிழமை நடக்கும். வருகிற சொந்தக்காரர்கள் லீவு கிடைக்காமல் திட்டிக்கொண்டே வருவார்கள். "ஊரான் கல்யாணம் முடிஞ்சுதான் நம்ம கல்யாணம்" என்று பெரியப்பா அதைப் பெருமையாகவே சொல்வார். அவர் கல்யாணம், அப்பா கல்யாணம், சித்தப்பா கல்யாணம் மூன்றும் அப்படித்தான் நடந்தன.

அத்தைக்கு டி. கல்லுப்பட்டியில் மாப்பிள்ளை அமைந்தது. கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்த அந்த மாமா சிரித்த முகம். ஆனால் அவருடைய அம்மா பிடி கொடுக்கவில்லை. "எங்க வீட்ல ஒரே பையன். ஆவணி, வளர்பிறை, ஞாயித்துக்கிழம. இல்லாட்டி வேணாம்" என்று முடித்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மதுரையில் கல்யாணம் இல்லாத தெருவே இருக்காது. பெரியப்பா ஒரு நாள் முழுக்க முனகிவிட்டு, தங்கைக்காகச் சரி என்றார்.

நிச்சயம் முடிந்த மறுநாள் சீர் பற்றிப் பேச உட்கார்ந்தபோது அத்தை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். சீருக்கு வாங்கும் குடம், குத்துவிளக்கு, தவலை எதுவும் தனக்கு வேண்டாம், அதற்குப் பதிலாகக் கடையிலிருந்து ஒரு செட்டு வாடகைப் பாத்திரம் வேண்டும் என்றாள். கல்லுப்பட்டியில் இந்தத் தொழில் செய்ய ஆளே இல்லை, அங்கே நம் கடையின் கிளையை நான் வைக்கிறேன் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பெரியப்பா சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்.

"பொம்பளப் பிள்ளைக்கு நகை போடுவோம், பண்ட பாத்திரம் குடுப்போம். கடையைப் பிச்சுக் குடுப்பாகளா? ஒம்போது செட்டுல ஒண்ணக் கழட்டுனா கடை நொண்டியடிக்கும்த்தா!"

"எட்டு செட்டு வச்சு ஓட்ட முடியாதாண்ணே?"

"முடியாது. பேசாம உள்ள போ."

அப்பா வழக்கம்போல எழுந்து அண்டாக்களை அடுக்கப் போய்விட்டார். சித்தப்பா என்ன நடக்கிறதென்று கவனித்தாரா என்பதே சந்தேகம். அத்தை அழவில்லை, ஆனால் அன்றைக்குப் பலகையில் எழுத என்னைக் கூப்பிடவில்லை. கடைக்குப் போகாத ஒரு சந்திரா அத்தையை எனக்குக் கற்பனை செய்யவே முடியவில்லை, எனக்குத்தான் அழுகையாக வந்தது.

நிச்சயம் ஆன பெண் கடையில் வந்து நிற்கக்கூடாது என்று நாற்பது நாள் அத்தையை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். நானும் முக்காலியிலிருந்து இறங்கினேன். பலகை மூன்று அண்ணன்மார் கைக்குப் போனது. ஆவணி வளர்பிறை ஞாயிற்றுக்கிழமை என்ற வரிசையில் செல்லூர் ஒரு செட்டு, அனுப்பானடி ஒரு செட்டு, அழகர்கோவில் பக்கம் ஒரு கிராமத்துக்கு ஒரு செட்டு என்று ஏறிக்கொண்டே போனது. கடைசி வாரத்தில் தெற்குவாசலிலிருந்து ஒருவர், சொல்லி வைத்திருந்த இடத்தில் கைவிட்டுவிட்டார்கள் என்று கண்கலங்கி வந்து நிற்க, அப்பா இருந்த ஒரே செட்டை எடுத்துக் கொடுத்து, கூடவே பரணிலிருந்து இரண்டு பாத்திரமும் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சமையல் மாஸ்டர் கருப்பையா நான்கு ஆட்களோடு வந்து இறங்கினார். சாயங்காலம் ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் இருநூறு பேர் வந்துவிடுவார்கள், இரவுச் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும். அந்தக் காலத்து மண்டபங்களில் பாத்திரம் கிடையாது. வெறும் அடுப்பு மட்டும்தான்.

"சாமானெல்லாம் எங்கண்ணே எடுத்து வச்சிருக்கீக? வண்டி நிக்குது" என்றார் மாஸ்டர்.

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு மூன்று பேரும் ஒன்றாகக் கிட்டங்கிக்குள் ஓடினார்கள், நானும் பின்னால் ஓடினேன். உள்ளே ஒரு பூனை படுத்திருந்தது. ஏணி வைத்துப் பரணைப் பார்த்தார்கள். பரணும் காலி.

பெரியவர் எடுத்து வைத்திருப்பார் என்று அப்பா இருந்திருக்கிறார். சாமானைத் தொடுகிறவன் தம்பிதானே என்று பெரியப்பா இருந்திருக்கிறார். அண்ணன்மார் சொல்லவில்லையே என்று சித்தப்பா இருந்திருக்கிறார். பலகையில் ஒன்பது பேர் பெயர் இருந்தது, எங்கள் பெயர் இல்லை. நம் வீட்டுக்கு நாமே போய் யாராவது சொல்லி வைப்பார்களா? ஐம்பது வருடமாக மதுரைக்கே அண்டா கொடுத்த கடையில், கடைக்காரர் தங்கை கல்யாணத்துக்கு ஒரு கரண்டி இல்லை.

"அம்புட்டும் போயிருச்சா?" என்று மாஸ்டர் மெதுவாகக் கேட்டார். பெரியப்பாவுக்குச் சத்தமே வரவில்லை. அவர் பேசாமல் நின்றதை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன், பயமாக இருந்தது.

நான் வீட்டுக்குள் ஓடி அத்தையிடம் சொன்னேன். இரண்டு கையிலும் மருதாணி அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், முதலில் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்துவிட்டு, "அந்தப் பலகையைக் கழட்டிக் கொண்டாரச் சொல்லு. நீ சாக்பீஸ எடு" என்றாள்.

அண்ணன்மார் மூன்று பேரும் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, தப்புச் செய்த பிள்ளைகள் வாத்தியார் முன்னால் நிற்பதுபோல நின்றார்கள். அத்தை வரிசையாகப் படித்தாள்.

"நடுவண்ணே, செல்லூருக்குக் கூட என்ன குடுத்த?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு தேக்சா" என்றார்.

"அனுப்பானடிக்கு?"

"ஒரு அண்டா. சின்னதுதாந்த்தா. நாலு வாளி."

"அழகர்கோவிலுக்கு?"

"அவுக பாவம், வெளியூரு. மூணு தேக்சா, ஒரு இட்லிக் கொப்பரை…"

ஒவ்வொன்றுக்கும் பெரியப்பாவின் மீசை துடித்தது. ஆனால் நான் பலகையின் மறுபக்கம் எழுத எழுத, அது நீண்டுகொண்டே போனது. ஒன்பது கல்யாண வீட்டிலும் யாருக்கும் தேவைப்படாமல் ஒரு மூலையில் கிடக்கும் பாத்திரங்கள் எல்லாம் சேர்ந்து, கரண்டி முதல் கொப்பரை வரைக்கும், ஏறக்குறைய ஒரு முழு செட்டு ஆகிவிட்டது. சோறு வடிக்கும் பெரிய அண்டா ஒன்றுதான் குறைந்தது.

"பெரிய அண்டா மதுரையில இன்னைக்கு ஒரே எடத்துலதான் சும்மா இருக்கும்" என்றாள் அத்தை. "பெரியண்ணே, கீழவாசலுக்கு நீதான் போகணும்."

கீழவாசலில் எங்களுக்குப் போட்டிக் கடை இருந்தது. அதன் வாசலில் விளம்பரத்துக்காக ஒரு பெரிய அண்டாவை, எந்த முகூர்த்தமானாலும் யாருக்கும் கொடுக்காமல், எப்போதும் நிறுத்தி வைத்திருப்பார்கள். ஒரு பந்தல் விஷயமாக வந்த தகராறில் பெரியப்பாவும் அந்தக் கடைக்காரரும் பேசி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. கோயிலில் எதிரே பார்த்தால்கூட ஆளுக்கொரு தூணைப் பார்த்து நிற்பார்கள். பெரியப்பா தங்கையைப் பார்த்தார், அவள் கையிலிருந்த மருதாணியைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேன்" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அப்பா ஒரு தட்டு ரிக்‌ஷாவில் ஊருக்குள் இருந்த கல்யாண வீடுகளுக்குப் புறப்பட்டார். நானும் ஏறிக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அப்பா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு கிளம்பிவிடும். "பாத்திரக் கடைக்காரக வீட்டுக் கல்யாணத்துக்குப் பாத்திரம் இல்லையாம்!" என்று அடுப்படி வரைக்கும் ஆள் ஆளுக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. செல்லூர்க்காரர்கள் தேக்சாவுக்குள் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்தார்கள். தெற்குவாசல்காரர் மறுபடியும் கண்கலங்கி, வாங்கிய செட்டையே திருப்பித் தருகிறேன் என்று பிடிவாதம் பிடிக்க, அப்பா அவரைச் சமாதானப்படுத்திவிட்டு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அழகர்கோவில் பக்கம் போன சித்தப்பா மூன்று தேக்சாவையும் கொப்பரையையும் டவுன் பஸ்ஸில் கொண்டுவந்தார். கண்டக்டர் கொப்பரைக்கு ஒரு டிக்கெட் கிழித்தாராம். டிக்கெட் எடுத்துவிட்டதால் அதற்கு சீட்டும் உண்டு என்று சித்தப்பா ஜன்னல் ஓரத்தில் அதை வைத்துவிட்டு, தான் நின்றுகொண்டு வந்தாராம். அந்த ஒரு நாள்தான் அவர் போன இடத்தில் யாருடனும் பேச்சுக் கொடுக்காமல் திரும்பி வந்தார்.

நாலு மணிக்கு மாட்டுவண்டியில் பெரிய அண்டா வந்தது. வண்டியின் முன்னால் பெரியப்பாவும் கீழவாசல் கடைக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்து, எங்கள் சந்தில் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அண்டாவின் வயிற்றில் "ஆ.ப." என்று அவர் பெயரின் எழுத்துகள் ஒரு முழ அகலத்துக்குச் சிவப்புப் பெயிண்டில் இருந்தன.

"வாடகை வேணாம்" என்றார் அவர். "ஒண்ணே ஒண்ணுதான். பேரு தெரியுற பக்கம் வாசலப் பாத்து இருக்கணும்."

பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். அத்தையின் கல்யாண ஆல்பத்தில் பந்தி நடக்கும் படத்தில், மாப்பிள்ளையும் பெண்ணும் சின்னதாகவும் அந்த "ஆ.ப." பெரிதாகவும் இன்றைக்கும் இருக்கின்றன.

ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அடுப்படிப் பக்கம் ஒரு நடை நடந்துவிட்டு அத்தையிடம் வந்து, "ஏம்மா, உங்க கடையில அண்டா இல்லையா? ஊரான் பேரு போட்டு நிக்குது?" என்று கேட்டார். அத்தை நிதானமாக, "எங்க அண்டா அம்புட்டும் ஒம்போது வீட்ல சோறு போடப் போயிருக்குங்கத்தை. அதான் நமக்கு ஊரே குடுத்திருக்கு" என்றாள். அந்த அம்மா பக்கத்தில் நின்ற மகனிடம், "கெட்டிக்காரியாத்தான் பாத்திருக்கோம்" என்றார்.

திங்கட்கிழமை வழக்கம்போல முற்றத்தில் பாத்திரம் வந்து இறங்கியது. எங்கள் கல்யாணத்துப் பாயசத்தையும் நான் மோந்து பார்த்தேன். ஒன்பது செட்டும் உரிய இடத்துக்குப் போன பிறகு, பரணிலிருந்து போய் வந்தவை மட்டும் ஒரு மூலையில் தனியாகக் குவிந்து கிடந்தன. அத்தை கல்லுப்பட்டிக்குக் கிளம்ப நின்றாள். பெரியப்பா அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் பழைய சத்தத்தில் சொன்னார்.

"இம்புட்டும் இல்லாமயே கடை இத்தன வருசம் ஓடியிருக்கு. அப்ப இது கடைக்குத் தேவையில்ல. எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. ஏத்திக்கிட்டுப் போ."

அத்தை அசையவில்லை. "பெரிய அண்டா இல்லாம செட்டாண்ணே?"

பெரியப்பா கிட்டங்கிக்குள் போய், தாத்தா முதன்முதலில் வாங்கிய இரண்டு அண்டாவில் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். "இந்தா. 'மு' பக்கத்துல உன் எழுத்தையும் வெட்டிக்க" என்றவர், முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, வெயிலைத் திட்டினார். அப்பா அழுதே விட்டார். நான் அத்தையைக் கட்டிக்கொண்டு, அவளைவிட அதிகமாகச் சிரித்தேன்.

போகும்முன் அத்தை ஒரு வேலை செய்தாள். என்னை முக்காலியில் ஏற்றி, கரும்பலகையின் முதல் வரியில், அழியாதபடி வெள்ளைப் பெயிண்டில் "நம்ம வீடு – 1 செட்டு" என்று எழுதவைத்தாள்.

குடும்பத் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் ஞாபகம் வரும். பல பேர் சேர்ந்து நடத்துகிற கடையில் எல்லோரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். பார்த்துக்கொள்கிற ஒருத்தி யார் என்பது அவள் எழுந்து போகும்வரை தெரியாது. அதே கடையில்தான், மானம் போகிற நேரத்தில் ஏழெட்டு வருடப் பகையைத் துண்டோடு உதறிவிட்டு ஓர் அண்ணன் நடக்கவும் செய்வார். நான் டிகிரி முடித்து, இரண்டு வருடம் ஓர் ஆபீசில் வேலை பார்த்துவிட்டு, சலித்துப்போய்த் திரும்பிவந்தபோது, பெரியப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முக்காலியைத் துடைத்துப் போட்டார். தங்கையிடம் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, வீட்டுப் பெண்களிடம் அவர் வாய் கொடுப்பதில்லை.

இப்போது கடையை நானும் என் தம்பியும் நடத்துகிறோம். பெரியப்பா இல்லை, அப்பா இல்லை. கீழவாசல் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது; மூடும்போது அந்தக் கடைக்காரர் தன் "ஆ.ப." அண்டாவை எங்களுக்கே அனுப்பிவைத்தார். மண்டபங்களிலேயே பாத்திரம் வந்துவிட்டதால் நாங்கள் பாத்திரத்தைக் குறைத்துக்கொண்டு பந்தல், நாற்காலி, மேடை என்று மாறிக்கொண்டோம், நன்றாகவே இருக்கிறோம். தேய்பிறைப் புதன்கிழமைக் கல்யாணங்கள் முடிந்துபோயின. லீவு கிடைக்காது என்று எங்கள் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமைதான் கேட்கிறார்கள். திரும்பிவரும் கொஞ்சப் பாத்திரங்களையும் இப்போது மிஷினில் கழுவி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பாயச வாசம் இல்லாத திங்கட்கிழமைகள் எனக்கு இன்னும் பழகவில்லை. கரும்பலகையும் போய், எல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஏறிவிட்டது.

அதைப் பார்த்துக்கொள்வது தம்பி மகன். போன வாரம் அவன் திரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டான்.

"அத்தை, 'நம்ம வீடு'ன்னு ஒரு பார்ட்டி. போன் நம்பர் கெடையாது, அட்ரஸ் கெடையாது. எல்லா வளர்பிறை முகூர்த்தத்துலயும் ஒரு செட்டு புக் ஆகியே கெடக்கு. ஒரு தடவகூட எடுக்க வரல. அழிச்சிரவா?"

"வர்ற தை மாசம் யாருக்குடா கல்யாணம்?"

"எனக்குத்தான்."

"பாத்திரம், பந்தலுக்கெல்லாம் சொல்லிட்டியா?"

"அப்பா பாத்துக்குவார்னு நெனச்சேன்" என்றான். தம்பி தலையை நீட்டி, "அக்கா பாத்துக்கும்னு நானிருந்தேன்" என்றான். நான் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்தேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

சிரிப்பு அடங்கிய பிறகு கல்லுப்பட்டிக்குப் போன் போட்டேன். அங்கே எங்கள் கிளை இன்றைக்கு எங்களைவிடப் பெரியது. கல்லாவில் உட்கார்ந்திருந்த சந்திரா அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அன்றைக்கு மருதாணிக் கையோடு சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள்.

"அந்த வரிய அழிக்க வேணாம்னு சொல்லு. பாத்திரம் நான் கொண்டு வாரேன், தாத்தா அண்டாவும் சேத்து. வாடகை வேணாம்" என்றவள், கூடவே சொன்னாள்: "ஆனா, என் பேரு தெரியுற பக்கம் வாசலப் பாத்து இருக்கணும்."